மூங்கில் வாளின் கதையை வெட்டாதீர்கள்

திரைப்படச் சங்கங்களின் திரையிடல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களே,

வணக்கம்.

வாடகை அரங்கில் கடன் வாங்கிய புரொஜெக்டரை மேசைமேல் நிறுத்தி, அடியில் இரண்டு புத்தகம் வைத்து உயரத்தைச் சரிசெய்து, வருகிற இருபது முப்பது பேருக்காக உலகப் படங்களைக் காட்டுகிறவர்கள் நீங்கள். நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. தேநீர்ச் செலவும் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது. முப்பது ஆண்டுகளாக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைக்கும் எனக்கு ஜப்பானிய இயக்குநர்களான குரோசாவாவையும் மிசோகுச்சியையும் கோபயாஷியையும் காட்டியவர்கள் நீங்கள்தாம். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அந்த உரிமையில்தான் ஒரு குறையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு சங்கம் 'ஹராகிரி'யைத் திரையிட்டது. சங்கத்தின் பெயர் வேண்டாம். படத்தின் நீளம் 133 நிமிடம். ஆறரை மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். வரவேற்புரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து படம் தொடங்கும்போது ஏழே கால். ஒன்பது மணிக்கு அரங்கைப் பூட்ட வேண்டும். எட்டே முக்கால் வாக்கில் காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். திரையில் அப்போது ஒரு குடிசை வீடு. இளந்தாய் ஒருத்தி நோயில் கிடக்கிறாள். மடிக்கணினி அருகே இருந்த நண்பர் எழுந்து, "இந்தப் பகுதி கொஞ்சம் மெதுவாகப் போகும், சண்டைக்குப் போய்விடலாம்" என்று சொல்லிவிட்டுப் படத்தை ஓட்டிவிட்டார். குழந்தையின் முகம், பாய், ஒரு மனிதன் குனிந்து அழுவது எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்தன. காற்றில் புல் சாயும் பொட்டல்வெளியில் இருவர் வாளோடு நிற்கும் இடத்தில் படம் மறுபடியும் நிதானத்துக்கு வந்தது.

முடிந்து படியிறங்கும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் கேட்டார்: "அந்தப் பையன் ஏன் சார் மூங்கில் வாளோடு வந்தான்?"

அந்தக் கேள்விக்கான விடைதான் ஓட்டிவிடப்பட்ட பகுதியில் இருந்தது. இந்த மடலை எழுத வைத்ததும் அந்தக் கேள்விதான்.

மசாகி கோபயாஷி 1962இல் எடுத்த படம் அது. ஜப்பானில் அதன் பெயர் 'செப்புக்கு'. ஹராகிரியும் அதுவும் ஒன்றையே குறிக்கும் சொற்கள். 1963இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. கதை நடப்பது 1630இல், எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோ. அந்த ஆண்டு தற்செயலாகத் தேர்ந்தது இல்லை. 1600இல் செகிகஹாரா போரில் வென்ற தோகுகாவா குலம் நாட்டைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 1615இல் ஒசாகா கோட்டையும் விழுந்தது. அதன்பின் பெரும்போர் இல்லை. போர் இல்லாத நாட்டில் போர்வீரனுக்கு என்ன வேலை? போதாததற்குப் பல பிரபுக்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன. ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா மசனோரி, வெள்ளத்தில் சேதமான கோட்டையை முறையான அனுமதியின்றிப் பழுதுபார்த்தார் என்ற குற்றத்துக்காக 1619இல் தன் ஆட்சிப்பகுதியை இழந்தார். ஏறத்தாழ ஐந்து லட்சம் கொக்கு வருமானம் உள்ள நிலம் அது. ஒரு கொக்கு என்றால் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கான அரிசி, சுமார் 150 கிலோ. சாமுராயின் சம்பளமே அரிசியில்தான் அளக்கப்பட்டது. தலைவன் விழுந்ததும் அவனை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான வீட்டு அடுப்புகள் அணைந்தன. தலைவன் இல்லாத சாமுராய்க்கு ரோனின் என்று பெயர். அலைமேல் அலைபவன் என்பது அதன் நேர்ப்பொருள்.

'ஹராகிரி'யின் நாயகன் ட்சுகுமோ ஹன்ஷிரோ அந்த ஃபுகுஷிமா படையில் இருந்தவன். இயி குலத்தின் மாளிகை வாசலில் வந்து நின்று, மானத்தோடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக உங்கள் முற்றத்தைத் தாருங்கள் என்று கேட்கிறான். அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்குச் சில காசு கொடுத்து அனுப்புவது ஊரில் பழக்கமாகிவிட்டிருந்தது. அதை ஒழித்துக்கட்ட, முன்பு வந்த ஓர் இளைஞனை உண்மையாகவே சாக வைத்த கதையை மாளிகையின் மூத்த அதிகாரி சாய்ட்டோ அவனுக்குச் சொல்கிறார். அந்த இளைஞன் மோட்டோமே. அவன் உறையில் இருந்தது மூங்கில் வாள். வாள்தான் சாமுராயின் ஆன்மா, உன் வாளாலேயே கிழித்துக்கொள் என்று அவனைக் கட்டாயப்படுத்துகிறார்கள். ஓரிரு நாள் அவகாசம் கேட்கிறான், திரும்பி வந்துவிடுவேன் என்று கெஞ்சுகிறான். தரவில்லை. மழுங்கிய மூங்கிலை அவன் வயிற்றில் திரும்பத் திரும்ப அழுத்துவதைக் கோபயாஷி நம்மைப் பார்க்க வைக்கிறார். வாள் பிடித்து அருகில் நிற்பவன், சடங்கு முறைப்படி தலையை வெட்டித் துன்பத்தை முடிக்க வேண்டியவன், இன்னும் கிழி, இன்னும் கிழி என்று காத்திருக்கிறான்.

இதுவரை அன்று நாம் எல்லோரும் பார்த்தோம். மோட்டோமே ஒரு கோழை, பிச்சைக்கு வந்தவன், வாளைக்கூட மதிக்காதவன் என்று சாய்ட்டோ சொல்லும் வடிவத்தில் பார்த்தோம். அதற்கு மறுபக்கம் ஹன்ஷிரோவின் வாயிலிருந்து வருகிறது. மோட்டோமே அவனுடைய மருமகன். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அரைவயிறு கஞ்சி குடிக்கிறவன். ஹன்ஷிரோ குடை செய்து பிழைக்கிறான். மகள் மிஹோவுக்கு நோய். பிறகு பேரனுக்குக் காய்ச்சல். மருத்துவரை அழைக்கக் காசு இல்லை. மோட்டோமே தன் இரு வாள்களையும் எப்போதோ விற்றுவிட்டிருக்கிறான். மனைவிக்காக, வெளியே சொல்லாமல். அவன் பிணத்தைக் கொண்டுவந்து போடும்போதுதான் மாமனாருக்கு அது தெரிகிறது.

அடுத்து வரும் ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படத்தை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். ஹன்ஷிரோ தன் இடுப்பு வாளை எடுத்துப் பார்க்கிறான். அவனுடையது அசல் எஃகு. மகள் இருமிக்கொண்டிருந்தபோது அது அவன் பக்கத்திலேயே இருந்தது. பேரனுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தபோதும் இருந்தது. அதை விற்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சிறுவன் விற்றுவிட்டான். நான் இந்தப் பாழாய்ப்போன இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தேனே என்று அதை வீசியெறிந்து அழுகிறான். ஹன்ஷிரோவாக நடித்த தட்சுயா நகடாய்க்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு தாத்தாவின் குற்றவுணர்வு அந்த இளம் உடம்பில் எப்படி ஏறியது என்று எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

உங்கள் நண்பர் மெதுவாகப் போகும் என்று சொல்லி ஓட்டியது இந்த நிமிடத்தைத்தான். இது இல்லாவிட்டால் பொட்டல்வெளிச் சண்டை வெறும் இரண்டு பேரின் வாள்வீச்சு. இது இருந்தால், வீசுகிறவன் தன் கையில் இருக்கும் வாளையே வெறுப்பவன் என்று நமக்குத் தெரியும். இசையமைப்பாளர் டோரு டகேமிட்சு, பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவியின் நரம்பை ஒற்றை அடியாகத் தெறிக்கவிடும்போது அந்த வெறுப்புதான் காதில் விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசிப் பகுதியில் ஹன்ஷிரோ சாய்ட்டோவைப் பார்த்துக் கேட்பது பழிக்கணக்கு மட்டும் இல்லை. மோட்டோமே அவகாசம் கேட்டபோது, இத்தனை சாமுராய்கள் கூடியிருந்தீர்களே, ஒருவருக்காவது ஏன் என்று கேட்கத் தோன்றியதா என்று கேட்கிறான். இயி மாளிகையில் ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியைத்தான் மாணவர் என்னிடம் படிக்கட்டில் கேட்டார். படத்தின் இதயத்தைப் பார்க்காமலேயே அதன் கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டார். அப்படிப்பட்ட பார்வையாளரிடமிருந்து நாம் விடையைப் பறித்திருக்கிறோம்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்தப் பத்தில் முதலாவது மானம். ஜப்பானியத் திரையின் பெரிய கலைஞர்கள் சாமுராய்ப் படம் என்ற பெயரில் திரும்பத் திரும்ப எடுத்தது இந்த ஒரு விஷயத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுவரொட்டியில் வாள் இருக்கும். படத்துக்குள் அரிசி இருக்கும்.

மூங்கில் வாள் கோபயாஷியின் படத்தில் முதன்முதலாக வந்ததும் இல்லை. சடாவோ யமனாகா 1937இல் எடுத்த 'மானுடமும் காகித பலூன்களும்' படத்தைப் பாருங்கள். எடோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வயதான ரோனின் தூக்கில் தொங்கிவிட்டான் என்ற செய்தியோடு படம் தொடங்குகிறது. சாமுராய் என்றால் வயிற்றைக் கிழித்துக்கொண்டல்லவா சாக வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்கிறார்கள். வாள் இருந்தால்தானே? வயிற்றுப்பாட்டுக்காக அதை விற்றுவிட்டு மூங்கிலைச் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறான். கோபயாஷி இரண்டு மணி நேரத்தில் சொல்வதற்கு 25 ஆண்டுகள் முன்பே யமனாகா இரண்டு வரி வம்புப் பேச்சில் விதை போட்டுவிட்டார். அதே குடியிருப்பில் இன்னொரு ரோனின், உன்னோ மட்டாஜுரோ. தந்தையின் பழைய நண்பரான அதிகாரியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தால் வேலை கிடைக்கும் என்று நாள்தோறும் போய் நிற்கிறான். அந்த மனிதர் அவனைப் பார்க்கும்போதெல்லாம் நழுவுகிறார். மழையில் நனைந்துகொண்டு தெருவில் நிற்கும் அவன் முதுகை யமனாகா காட்டுவார். மனைவி வீட்டில் காகித பலூன் ஒட்டிக் கூலி வாங்குகிறாள். கடைசியில் சாக்கடை நீரில் ஒரு பலூன் மிதந்து போகும். வாள்சண்டை என்று ஒன்று படத்தில் கிடையாது.

படம் வெளியான நாளில்தான், 1937 ஆகஸ்ட் 25 அன்று, யமனாகாவுக்குப் படையில் சேர அழைப்பு வந்தது. இதுவே தன் கடைசிப் படமானால் வருத்தம்தான் என்று எழுதிவைத்துவிட்டுச் சீனப் போர்முனைக்குப் போனார். 1938 செப்டம்பரில் அங்கே நோயில் இறந்தார். வயது 28. இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருந்தவர். முழுமையாக எஞ்சியவை மூன்று. 86 நிமிடப் படம் இது. அரங்கைப் பூட்டும் நேரத்துக்குப் பயப்படுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாமே என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்த் திரையிடல்களில் இதுவரை இதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

குரோசாவாவின் 'ஏழு சாமுராய்க'ளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை எப்படி அறிமுகப்படுத்துகிறீர்கள் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைச் சண்டையின் துண்டு ஒன்றை முன்னால் போட்டுக் காட்டி, இந்த ஒளிப்பதிவைக் கவனியுங்கள், ஹாலிவுட் இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்வது பொய்யில்லை. ஆனால் துண்டு பார்த்தவர்கள் 207 நிமிடமும் அந்தத் துண்டுக்காகவே காத்திருக்கிறார்கள்.

அந்தப் படம் பிறந்த கதையே சோற்றுக் கதை. குரோசாவாவும் எழுத்தாளர் ஷினோபு ஹஷிமோட்டோவும் முதலில் திட்டமிட்டது ஒரு சாமுராயின் ஒரு நாள் வாழ்க்கையை. காலையில் எழுந்து பணிக்குப் போய் மாலையில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் ஒருவனின் கதை. அக்காலச் சாமுராய் நாளுக்கு இரண்டு வேளை உண்டானா மூன்று வேளை உண்டானா, மதிய உணவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனானா என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதனால் அந்தப் படத்தையே கைவிட்டார்கள். ஒரு பொட்டலச் சோற்றைப் பற்றிப் பொய் சொல்ல மனமில்லாமல் திரைக்கதையையே விட்டவர்கள் பிறகு எழுதியதுதான், நாளுக்கு மூன்று வேளைச் சோற்றுக்காக உழவர்களின் ஊரைக் காக்கப் போகும் ஏழு பேரின் கதை. அதே ஹஷிமோட்டோதான் பின்னால் 'ஹராகிரி'யையும் எழுதினார்.

'ஏழு சாமுராய்க'ளில் வரும் சத்திரக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உழவர்கள் தினைக் கஞ்சி குடித்துக்கொண்டு, வரப்போகும் சாமுராய்க்காக வெள்ளை அரிசியைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். யோஹேய் என்ற நோஞ்சான் உழவர், சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவார். பிறகு எழுவருக்கும் தலைவராகும் கம்பெய் உதவ மறுக்கும்போது, அங்கே தங்கியிருக்கும் முரட்டுக் கூலியாள் ஒருவன் சோற்றுக் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்: பாரும், உமக்கு இதைப் போட்டுவிட்டு இவர்கள் தின்பது என்ன தெரியுமா? கம்பெய்யாக நடிக்கும் தகாஷி ஷிமுரா கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்குகிறார். இந்தச் சோற்றை வீணாக்கமாட்டேன் என்று மட்டும் சொல்கிறார். வீர முழக்கம் இல்லை, இசை எழும்பி ஆர்ப்பரிப்பதும் இல்லை. படத்தின் மிகப் பெரிய சபதம் அந்தக் கிண்ணத்தின் மேல்தான் எடுக்கப்படுகிறது. அறிமுகத்துக்கு ஒரு துண்டு கட்டாயம் வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள்.

அந்தச் சபதத்தை நம் மனம் முழுதாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஏழு பேரில் ஒருவரான கிகுச்சியோவாக நடிக்கும் தோஷிரோ மிஃபுனே வந்து அதைப் போட்டு உடைக்கிறார். ஓடிவந்த சாமுராய்களை உழவர்கள் கொன்று பறித்த கவசங்களைக் கொண்டுவந்து குவிக்கிறார் கிகுச்சியோ. மற்ற ஆறு பேரும் முகம் சுளிக்கிறார்கள். உழவன் கஞ்சன், கள்ளன், கொலைகாரன் என்று அவர்களைவிட உரக்கத் திட்டிவிட்டு, அவனை அப்படி ஆக்கியது யார், நீங்கள்தானே என்று திரும்புகிறார். ஊரை எரித்தது யார், தானியத்தைப் பறித்தது யார்? அந்த ஆத்திரத்தில்தான் அவரே உழவன் மகன் என்று மற்றவர்களுக்குப் புரிகிறது. ஏழு பேரில் நால்வர் சாகிறார்கள். நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்கே சாகிறார்கள், வாளுக்கு ஒருவரும் இல்லை. 'ஹராகிரி'யிலும் முடிவைக் கொண்டுவருவது துப்பாக்கிதான். நாற்று நடும் பாட்டு கேட்க, மண்மேடுகளைப் பார்த்தபடி, வென்றது உழவர்கள், நாம் இல்லை என்று கம்பெய் சொல்லும்போது அது தன்னடக்கமாகச் சொன்ன பேச்சில்லை.

இப்படி எடுக்க அவர்களுக்கு இருந்த காரணத்தையும் அறிமுகவுரையில் சொல்லுங்கள். போர்க்காலத்தில் சாமுராயின் விசுவாசத்தை அரசு தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது. 1941-42இல் மிசோகுச்சி, தலைவனுக்காகப் பழிவாங்கும் '47 ரோனின்' கதையை எடுத்தது அந்த நெருக்கடியில்தான். ஆனாலும் அவர் செய்ததைப் பாருங்கள்: நாடே எதிர்பார்த்திருந்த பழிவாங்கும் இரவை அவர் திரையில் காட்டவே இல்லை. நடந்ததைச் சொல்லும் ஒரு கடிதத்தை வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1945 நவம்பரில் விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலை வெளியிட்டது. பழிவாங்கலும் நிலப்பிரபுத்துவ விசுவாசமும் அதில் இருந்தன. வாள்படங்கள் ஏறத்தாழ முடங்கிப்போயின. குரோசாவா 1945இல் முடித்த ஒரு படம் 1952இல்தான் திரைக்கு வந்தது. ஆகவே ஐம்பதுகளில் மறுபடி வாளைக் கையில் எடுத்தவர்கள், அந்த வாள் தங்கள் தலைமுறையை எங்கே கொண்டுபோய்த் தள்ளியது என்று அறிந்தவர்கள். கோபயாஷி மஞ்சூரியாவில் படைவீரராக இருந்தவர். எதிர்ப்பின் அடையாளமாகப் பதவி உயர்வை மறுத்து, சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். ஒகினாவாவில் போர்க்கைதியாகவும் இருந்தார். மாளிகையின் குறிப்பேட்டில் உண்மையை மறைத்து எழுதவைக்கும் சாய்ட்டோவை அவர் எங்கிருந்து கண்டெடுத்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வேண்டுகோள். 1957இல் குரோசாவா மேக்பெத் கதையைச் சாமுராய் காலத்துக்குக் கொண்டுவந்த 'சிலந்திவலைக் கோட்டை' படத்தில், நாயகனின் மனைவியாக நடித்த இசுஸு யமடா மயக்கமருந்து கலந்த மதுவை எடுத்துவர இருட்டுக்குள் போவார். சட்டகம் வெறுமையாய்க் கறுத்து நிற்கும். பட்டு தரையில் உரசும் ஓசை மட்டும் சரசரவென்று தேய்ந்து, மறைந்து, மறுபடி நெருங்கி வரும். ஒரு கொலை நடக்கப்போகிறது என்பதை அந்த உரசல்தான் சொல்கிறது. மின்விசிறிகள் கடகடக்கும் அரங்கில், மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியில் இது எப்படிக் கேட்கும்? நல்ல ஸ்பீக்கர் கிடைக்காத மாதம் வேறு படம் போடுங்கள். குரோசாவாவின் 'சஞ்சுரோ' படத்தின் இறுதியில் மிஃபுனேயும் நகடாயும் அரை நிமிடத்துக்கு அருகே அசையாமல் எதிரெதிரே நிற்பார்கள், வீச்சு ஒன்றுதான். அந்த நிற்றலின்போது அரங்கில் யாராவது கைபேசியை எடுத்தால் தயவுசெய்து எழுந்து வந்து தடுங்கள்.

இனி நான் மிகவும் விரும்பிக் கேட்பது: தமிழில் சப்டைட்டில்.

நாம் ஆங்கிலத்தின் வழியாகப் பார்க்கும்போது இந்தப் படங்களின் பாதி மரியாதை கரைந்துபோகிறது. ஜப்பானிய மொழியில் ஒருவன் தன்னை எந்தச் சொல்லால் குறிக்கிறான், எதிரில் இருப்பவரை எப்படி அழைக்கிறான் என்பதிலேயே அவன் நிலை தெரிந்துவிடும். சாமுராய் தன்னைப் பணிவாகச் 'செஷ்ஷா' என்பான். திறமையற்றவன் என்று அதற்குப் பொருள். ஆங்கில வரியில் அது வெறும் நான். நமக்கோ 'அடியேன்' இருக்கிறது. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக இறங்கவும் ஏறவும் நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. வாசலில் 'தாங்கள்' என்று தொடங்கிய பேச்சு முற்றத்தில் 'நீர்' ஆகி, ரத்தம் சிந்தும்போது 'நீ' ஆவதைத் தமிழில் அப்படியே கொண்டுவரலாம். 'சஞ்சுரோ'வில் பெரிய வீட்டு அம்மையார் நிதானமாக இழுத்துப் பேச, மிஃபுனே பொறுமை இல்லாமல் முதுகைச் சொறிவார். நல்ல வாள் உறைக்குள் இருக்கும் என்று அந்த அம்மையார் சொல்லும் அழகு ஆங்கிலத்தில் பழமொழிபோல் தட்டையாகிவிடுகிறது. நம் வீட்டுப் பெரியம்மா ஒருவர் சொல்வதுபோல் எழுதினால் அது உயிரோடு நிற்கும்.

அதைவிட முக்கியம், வினைச்சொல். ஜப்பானியத்தில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், தமிழில் வருவதுபோலவே. ஹன்ஷிரோ முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக்கொண்டே போகும்போது, என்ன சொல்லப்போகிறான் என்று சாய்ட்டோ காத்திருப்பது அந்தக் கடைசிச் சொல்லுக்காக. ஆங்கில வரி அதை முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறது. முகம் காத்திருக்கிறது, நாம் படித்து முடித்துவிடுகிறோம். தமிழ் வரியில் நாமும் அவரோடு சேர்ந்து காத்திருக்கலாம். இந்தப் படங்களைப் பார்ப்பதற்கு இவ்வளவு பொருத்தமான மொழியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் இன்னொரு மொழியின் சன்னல் வழியாக எட்டிப்பார்க்க வேண்டும்?

சில சிறிய விஷயங்கள். சுவரொட்டிகளில் ஜாட்டோய்ச்சியைச் சாமுராய் என்று போடாதீர்கள். ஷின்டாரோ கட்சு நடித்த அந்தப் பாத்திரம் கண்பார்வையற்றவர், உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்பவர், சூதாடி. அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும், ஆனால் வரிசை வேறு. முசாஷி என்ற வாள்வீரரைப் பற்றி ஹிரோஷி இனகாகி எடுத்த மூன்று படங்கள் நிறத்தால் அழகானவை. ஒரே நாளில் மூன்றையும் போடுமளவுக்கு அவற்றில் கனமில்லை என்பது என் கருத்து. கிஹாச்சி ஒகமோட்டோ 1966இல் எடுத்த, ஆங்கிலத்தில் 'The Sword of Doom' எனப்படும் படத்தைக் கட்டாயம் போடுங்கள். மனசாட்சி இல்லாத வாள் எங்கே போய் முடியும் என்பதை நகடாயின் கண்கள் காட்டும். இறுதிச் சட்டகம் உறைந்து நின்றதும் படம் பழுதாகிவிட்டது என்று விளக்கைப் போட்டுவிட வேண்டாம்; அதுதான் முடிவு.

நேரத்துக்கு வழி இருக்கிறது. 'ஏழு சாமுராய்க'ளுக்குக் குரோசாவாவே ஓர் இடைவேளை வைத்திருக்கிறார். காலைக் காட்சியாகப் போட்டு அந்த இடைவேளையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். பல ஆண்டுகள் வெளிநாடுகளில் ஓடிய குறுக்கப்பட்ட வடிவம் கிடைத்தாலும் அதைத் தொடாதீர்கள். அறிமுகவுரை பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்; மீதியைப் படத்துக்குப் பிறகு பேசுவோம். திரையிடல் உரிமைக்கும் நல்ல பிரதிக்கும், இந்திய நகரங்களில் ஜப்பானியப் படவிழாக்களை நடத்திவரும் ஜப்பான் ஃபவுண்டேஷனின் புதுதில்லி அலுவலகத்துக்கு முதலில் எழுதிப் பார்க்கலாம். கடிதத்தின் வரைவை நான் எழுதித் தருகிறேன்.

தமிழ் வரிகளும் தயார். ஜப்பானிய மொழி கற்ற நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கடந்த எட்டு மாதங்களாக இரவுகளில் 'ஹராகிரி' முழுவதையும் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். மூன்று முறை மெய்ப்புப் பார்த்துவிட்டேன். ஹன்ஷிரோ வாளை வீசியெறியும் இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு வடிவங்களுக்கு இடையே தடுமாறிக்கொண்டிருக்கிறேன்; உங்களில் யாராவது உட்கார்ந்து என்னோடு அதைப் பார்த்தால் மகிழ்வேன். கூலி எதுவும் வேண்டாம்.

எந்த ஊரில், எந்தச் சங்கம் போட்டாலும் சரி. மாலை ஐந்து மணிக்கே தொடங்குங்கள், 133 நிமிடமும் ஓடட்டும். முன்வரிசையில் இரண்டு நாற்காலி மட்டும் எடுத்துவையுங்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று அந்த மாணவருக்கு. அவர் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன், பஸ்ஸுக்கு நானே அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்கு வரும் ஒரு மெய்ப்புத் திருத்துநர்